மேல் கட்டிலில் இருந்த பிள்ளை

பேய் என்றால் சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் பிரபாலினிக்கு முன்னால் வைத்துச் சிரித்துவிட வேண்டாம். இது அவருடைய வீட்டில், பேர்லின் நொய்கெல்னில், ஒரு மூன்றாம் மாடியில் நடந்தது. நடந்ததைத்தான் சொல்கிறேன்.

அவர் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர். இறந்தவர்களைத் துடைத்து, உடுப்பு மாற்றி, கண்ணை மூடிவிட்ட கை அது. இலேசில் பயப்படுகிற ஆள் இல்லை. எது நடந்தாலும் முதலில் கோபம்தான் வரும். அந்தக் கோபம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

மகள் சுபானி, சீனாவில் ஒரு செமெஸ்டர் படிக்கப் போகிறேன் என்று வாய் திறந்ததே டிக்கெட் எடுத்த பிறகுதான். "ஆரைக் கேட்டு அன்ட்ராக் போட்டனி?" என்று விண்ணப்பம் போட்டதற்கே கத்திய தாய், விமான நிலையத்துக்கும் போகவில்லை. தகப்பன் விட்டுப் போன பிறகு தனியாக நின்று வளர்த்த பிள்ளை. ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று வயிறு எரிந்தது. மகளும் லேசுப்பட்டவள் இல்லை. நான்ஜிங் நகருக்குப் போய் இரண்டு கிழமையாகத் தம்பி வினோஜனோடு மட்டும்தான் பேசினாள்.

ஒரு நாள் அவன் வீடியோவில் அக்காவோடு கதைத்துக்கொண்டிருந்தபோது பிரபாலினி போனைப் பறித்தார். திட்டித் தீர்ப்பதற்குத்தான். நாலு வார்த்தை திட்டியிருப்பார். அப்போதுதான் கண்டார். மகளின் கட்டிலுக்கு மேல்தட்டில் இன்னொரு கட்டில். அதில் ஒரு பிள்ளை காலைத் தொங்கப் போட்டபடி இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறத்தியார் முன்னால் பிள்ளையைத் திட்டினால் மானம் போய்விடாதா? பிரபாலினியின் குரல் சட்டென்று இனித்தது.

"பிள்ளை, சாப்பிட்டீங்களோ? பேர்லினுக்கு வந்தா வேற எங்கையும் போகக் கூடாது. எங்கட வீட்டை வந்து நில்லுங்கோ. இவளின்ர அறை சும்மாதான் கிடக்குது." அதையே ஜெர்மனிலும் ஒரு தடவை சொன்னார்.

அந்தப் பிள்ளை தலையாட்டினாள்.

"அம்மா, ஆரோட கதைக்கிறீங்கள்?" என்று சுபானி கேட்டாள். படம் அப்படியே நின்றது. இணைப்பு அறுந்துவிட்டது.

வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் மரியாதைக்குச் சொல்கிற பேச்சுதானே? பிரபாலினி அன்றே அதை மறந்துவிட்டார். மகளிடம் திரும்ப எடுத்துக் கதைக்கவும் இல்லை. ரோஷம்.

மூன்றாம் நாள் பின்னேரம், சுபானியின் அறையில் உடுப்புகளுக்கு அயர்ன் போட்டுக்கொண்டிருந்தார். சரியாக ஐந்து மணிக்கு விளக்கு அணைந்தது. அயர்னும் அணைந்தது. மற்ற அறைகளில் வெளிச்சம் இருந்தது.

மறுநாளும் ஐந்துக்கு. அதற்கு மறுநாளும். கட்டடத்தின் பொறுப்பாளர் வந்து வயரெல்லாம் தட்டிப் பார்த்து, பிழை ஒன்றும் இல்லை என்றுவிட்டுப் போனார். பிரபாலினியின் சந்தேகம் மகன் மேல் திரும்பியது.

"உன்ர வேலையோடா இது? அறைக்குள்ள ஆரைக் கொண்டு வந்து வைச்சிருக்கிறாய்?"

"சத்தியமா நான் இல்லையம்மா."

இரண்டு நாள் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு சத்தம் தொடங்கியது. விளக்கு அணைந்ததும்... கிறீச். யாரோ கட்டிலில் புரண்டு படுக்கிற சத்தம். சுபானியின் கட்டில் தரையோடு தரையான சாதாரணக் கட்டில். சத்தம் அதிலிருந்து வரவில்லை. தலைக்கு மேலேயிருந்து வந்தது. ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து.

ஒக்டோபர் கடைசி ஞாயிறு. ஜெர்மனியில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைக்கிற நாள். அன்று விளக்கு நாலு மணிக்கே அணைந்தது. வினோஜன் தன் போனைப் பார்த்தான். முகம் வெளிறிவிட்டது.

"அம்மா... சீனாவில நேரத்தை மாத்திறேல்லை. அங்க இப்ப ராத்திரி பதினொரு மணி."

"அதுக்கு?"

"அக்கான்ர விடுதியில பதினொண்டுக்குத்தான் கரண்டை நிப்பாட்டுறவை."

பிரபாலினிக்கு அந்தத் தலையாட்டல் நினைவு வந்தது. உடம்பு ஒரு கணம் குளிர்ந்தது. அடுத்த கணம் கொதித்தது. ஒரு பேச்சுக்குக் கூப்பிட்டால் உண்மையாகவே வந்து படுத்துவிடுவதா? அதுவும் என் பிள்ளையின் அறையில்?

கதவைத் தள்ளினார்.

வெளியே பகல். யன்னல் திரையும் திறந்துதான் இருந்தது. அறைக்குள் மட்டும் இருட்டு.

மூச்சு விடும் சத்தம்... மேலே.

கிறீச்...

தோளில் ஏதோ இடித்தது. தொங்கிக்கொண்டிருந்த ஒரு கால்.

"போ வெளியில!" பிரபாலினி கத்திய கத்தில் வினோஜன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். "வந்த இடத்துக்கே போ! இனி இந்த வீட்டுப் பக்கம் தலை வைச்சும் படுக்காதை!"

விளக்கு எரிந்தது.

சத்தம் இல்லை. ஒன்றுமே இல்லை. "பேயோ பிசாசோ, என்னட்டைச் சரிவராது" என்று பிரபாலினி சொல்லிக்கொண்டார். அன்று சோறு கூட ருசித்தது.

மறுநாள் பின்னேரம் நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அவருடைய போன் அடித்தது. சுபானி. விடுதி அறைக்கு வெளியே நடையில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"அம்மா, அது திரும்ப வந்திட்டுது."

"எது?"

"மேல் கட்டிலில... நான் வந்த நாளில இருந்து ஒவ்வொரு ராத்திரியும் கிறீச் கிறீச் எண்டு கேக்கும். உங்களிட்டைச் சொன்னா, அப்பவே சொன்னன்தானே எண்டு பேசுவீங்கள். அதுதான் சொல்லேல்லை. நீங்கள் போனில கதைச்ச நாளோட நிண்டுபோச்சு. நேற்றுப் பதினொரு மணிக்குத் திரும்பவும் வந்திட்டுது."

"உன்னோட மேல படுக்கிற பிள்ளை எங்க?"

"என்னம்மா சொல்லுறீங்கள்? முதல் நாளில இருந்து நான் தனியத்தான் இருக்கிறன்."

பிரபாலினி போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

"முந்தி மேலதான் கிடந்தது" என்றாள் சுபானி. "நேற்று இறங்கி வந்திட்டுது. என்ர கால்மாட்டில விடியுமட்டும் இருந்தது. கோவமா இருக்குதம்மா."

அனுப்பியது யார்? தான்தான். தன்னைத்தானே செருப்பால் அடிக்க வேண்டும் போல் இருந்தது பிரபாலினிக்கு.

"அறைக்குள்ள போ. போனை மேல பிடி."

"ஏலாது அம்மா..."

"பிடி எண்டு சொல்லுறன்!"

திரையில் வெறும் பலகை. மெத்தை கூட இல்லை. பிரபாலினி போனோடு பேர்லின் அறைக்குள் போய், கதவை விரியத் திறந்து வைத்தார்.

"பிள்ளை... கோவத்தில சொல்லிப்போட்டன். மனசில வைச்சிருக்காதேங்கோ. இவளை விட்டிட்டு இஞ்சை வாங்கோ."

திரையில் அதே வெறும் பலகை.

"வாங்கோ பிள்ளை..."

நாலு மணி. திரை இருண்டது. அதே நொடி இந்த அறையும் இருண்டது.

"அம்மா" என்றாள் சுபானி மெல்ல. "இஞ்ச சத்தம் நிண்டிட்டுது."

பிரபாலினியின் தலைக்கு மேலே...

கிறீச்.

சுபானி செமெஸ்டரை முடித்துக்கொண்டு சனவரியில் வந்து சேர்ந்தாள். அறைச் சாவியைத் திருப்பிக் கொடுத்த அன்றுதான் விடுதியைப் பார்த்துக்கொள்கிற பெண்மணி விசயத்தைச் சொன்னாராம். சில வருடங்களுக்கு முன் வெளிநாட்டுப் பிள்ளை ஒருத்தி அந்த அறையில் இருந்தாள். சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு எல்லாரும் வீட்டுக்குப் போகிற நேரம், உன்னோடு நானும் வரட்டா என்று அந்த நடையில் ஒவ்வொரு அறையாகத் தட்டிக் கேட்டிருக்கிறாள். எல்லாரும் இடமில்லை என்றார்கள். விடுமுறை முடிந்து கதவைத் திறந்தபோது மேல் கட்டிலில் இறந்து கிடந்தாள். எப்படி என்று யாருக்கும் தெரியாது. நல்ல உடுப்பு உடுத்தி, தலை வாரி, பயணப் பையை நெஞ்சோடு அணைத்தபடி கிடந்தாள்.

கேட்டுக்கொண்டிருந்த பிரபாலினி கையிலிருந்த சட்டியை மேசையில் ஓங்கி அடித்தார்.

"இவ்வளவு பேர் இருந்து, ஒருத்தி கூடவா வா எண்டு சொல்லேல்லை?"

சுபானி பூட்டியிருந்த தன் அறைக் கதவைப் பார்த்தாள். "அப்ப இது எப்பதான் போகும்?"

"நான் ஒருக்காப் போகச் சொல்லி நீ பட்டது போதாதோ?"

சுபானி இன்றும் வரவேற்பறைச் சோபாவில்தான் படுக்கிறாள்.