கப்பலுக்கு ஆகாத வர்ணப் பெட்டி

படம் வரையும் வகுப்புக்கு ஆளுக்கொரு வர்ணப் பெட்டி கொண்டுவர வேண்டும், நன்றாக வரைகிறவர்கள் படத்தைச் சுவரில் மாட்டுவோம் என்று டீச்சரம்மா சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் படம் சுவரில் தொங்கப் போவதை ராயபுரத்தில் எங்கள் சந்து முழுக்கச் சொல்லியாகிவிட்டது. பெட்டிதான் இன்னும் வரவில்லை!

நைனா துறைமுகத்தில் கப்பலுக்குப் பெயிண்ட் அடிப்பவர். பெயிண்டைப் பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது என்பது எங்கள் வீட்டு வேதம். மாமா வாங்கி வருகிறேன் என்றபோது, கண்டதையும் வாங்கிப் பிள்ளை தலையில் கட்டாதே என்று அவரை உட்காரவைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தானே என்னை டிராமில் ஏற்றிச் சைனா பஜாருக்குக் கூட்டிப் போனார்.

கடைக்கார பாய் தகரப் பெட்டியைத் திறந்தார். அப்பப்பா! வரிசையாக வர்ண வில்லைகள், பக்கத்தில் ஒரு தூரிகை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நைனா முதலில் தூரிகையின் மயிரை இழுத்துப் பார்த்தார், உதிரவில்லை. மஞ்சளை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார், எரியவில்லை. பெட்டி நமக்குத்தான் என்று நான் குதித்தேன். அதற்குள் அவர் கடையிலிருந்த பழுப்புக் காகிதத்தில் அதே மஞ்சளால் ஒரு கோடு இழுத்து, வெயிலில் காயவைத்து, அதன்மேல் தண்ணீரைத் தெளித்தார். கோடு கரைந்து ஓடிவிட்டது.

“இன்னா பாய், தண்ணி பட்டா பூடுது? இத்த கப்பலுக்கு அடிச்சா பாதிக் கடல்ல மொட்டையா நிக்கும்.”

தண்ணீரில் கரைவதற்கென்றே செய்த வர்ணம் அது என்று பாய் பொறுமையாக எடுத்துச் சொன்னார். நைனா கேட்டால்தானே? பச்சையைப் போட்டார், கரைந்தது. நீலம், ஊதா, மறுபடியும் மஞ்சள். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி மட்டம், மட்டம் என்றார். சந்தில் யார் முகத்தில் விழிப்பது? அழுதேவிட்டேன்.

“மேஸ்திரி, உம் பொண்ணு இன்னா கப்பலுக்கா அடிக்கப் போவுது?” என்றார் பாய்.

நைனா என்னைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். இன்னொரு தடவை மஞ்சளைத் தொட்டுக் கோடு இழுத்தார்.

“செரி, அத்தயே கட்டு.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. டிராம் ராயபுரம் வந்து சேரும்வரை பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். நைனா அந்தப் பழுப்புக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மட்டமான சரக்குக்குச் சாட்சி வேண்டாமா என்று நினைத்தேன்.

கப்பலின் அடிப்பாகத்துக்குச் சிவப்பு, மேலே கறுப்பு. அத்தனை வருஷமும் துறைமுகத்தில் அவர் கையில் கொடுத்தது இந்த இரண்டைத்தான். முதல் கோட்டிலேயே மட்டம் என்று தெரிந்துபோன பெட்டியில் மஞ்சளை மட்டும் ஏன் திரும்பத் திரும்பச் சோதித்தார் என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.