நாவல் பழ பீரும் நான் உளறியதும்

பிள்ளைகளா, அப்பா பீர் குடிக்கப் போய் அவமானப்பட்டு வந்ததாக அம்மா உங்களிடம் சொல்லியிருப்பாள். அவள் சொன்னது சரிதான். ஆனால் அவளுக்குப் பாதிதான் தெரியும். மீதியை நானே எழுதிவிடுகிறேன்.

பெரிய மார்க்கெட்டில் என் கடைக்குப் பழம் வாங்க வருகிறவர்களில் ஒருவர் பெல்ஜியம் போய் பீர் காய்ச்சக் கற்றுக்கொண்டு வந்தவர். என்னைவிடச் சின்னவர்தான், ஆனாலும் மரியாதைக்கு எல்லோரும் பிரெஞ்சு வழக்கில் முசே என்போம். ரெட்டியார்பாளையத்தில் ஒரு ஷெட் போட்டு, பீரில் பழத்தைப் போட்டு மரப் பீப்பாயில் ஒரு வருஷம் ஊறவிடுவார். போன வருஷம் நாவல் பழம் முழுக்க என்னிடம்தான் வாங்கினார். ஒரே நிபந்தனை: மரத்தடியில் வலை கட்டி உலுக்கிய பழம் மட்டும், தரையில் விழுந்தது கூடாது. நானும் சத்தியம் பண்ணாத குறையாக ஒத்துக்கொண்டேன். கடைசி இரண்டு கூடைக்கு வலைப் பழம் போதவில்லை. ரோட்டோர மரத்தடியில் பொறுக்கியதை அடியில் கொட்டி, மேலே நல்லதைப் பரப்பினேன். மார்க்கெட்டில் எல்லோரும் செய்கிறதுதானே என்று நினைப்பு.

இந்த வருஷம் சீசனுக்கு முன்னால், பீப்பாயைத் திறக்கிறோம், குடித்துப் பார்த்துவிட்டுப் புதுப் பழத்தைப் பற்றிப் பேசலாம் என்று முசே கூப்பிட்டார். அந்த ஆர்டர் போனால் நாவல் சீசனே எனக்குப் போன மாதிரி. இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன்.

ஒயின் கிளாஸில் இரண்டு விரல் உயரத்துக்குத்தான் ஊற்றினார்கள். கருஞ்சிவப்பு நிறம். முசேயும் அவர் கூப்பிட்டிருந்த சிநேகிதர்களும் கிளாஸைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு மோந்தார்கள். நான் ஒரே மடக்கு. காது மடல்வரை கூசுகிற புளிப்பு. பழைய சோத்துத் தண்ணியில் நாவல் கொட்டையை ஊறப்போட்ட மாதிரி இருந்தது. கெட்டுப்போய்விட்டது, நான் தீர்ந்தேன் என்று நினைக்கும்போதே, அந்தச் சிநேகிதர்களில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "மாட்டுக்கொட்டா வாசன வருது முசே."

அந்த ரோட்டோர மரத்தில் ஒரு எருமை கட்டியிருந்தது எனக்கு மட்டும்தானே தெரியும்.

"மன்னிச்சிடுங்க முசே. அடியில கொஞ்சம் தரையில பொறுக்குனது. எருமை கட்டியிருந்த எடம்தான். ஆனா கழுவித்தான் போட்டேன்."

அந்தச் சிநேகிதர் சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. அந்தப் புளிப்பும் வாசனையும் வரத்தான் ஒரு வருஷம் காத்திருப்பதாம். அது பீப்பாய் கொடுப்பதாம், பழம் இல்லையாம். இரண்டாவது கிளாஸ் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பேன். அது அன்னாசி போட்டது, இதைவிடப் புளிப்பு; புளிப்பு என் பழத்தால் வந்ததில்லை என்று அப்போதே புரிந்திருக்கும்.

முசே சிரிக்கவில்லை. "பீர் நல்லாத்தாண்ணே வந்திருக்கு. நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. அதான் கஷ்டமா இருக்கு" என்றார். கிளாஸில் மீதி இருந்ததைக் குடித்துவிட்டு, "இந்த வருஷமும் நீங்களே குடுங்க. தரையில வுழுந்த பழம் இருந்தா தனிக் கூடையில வரட்டும். அதும்மேல எழுதி அனுப்புங்க. உங்க கையால எழுதணும்" என்றார்.

சீசன் தொடங்கிய முதல் நாள், கடையில் யாரும் இல்லாத மத்தியானத்தில், ஒரு அட்டையில் 'தரையில் பொறுக்கியது' என்று எழுதிக் கூடையில் கட்டினேன். பக்கத்துக் கடைக்காரர்கள் படிக்கக் கூடாதென்று எழுத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. எழுந்து வந்து வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்தேன்.