ஊசி அக்காவுக்குப் பயிற்சி

பஸ் தாத்தாவின் இடது கையில் குட்டி சிஸ்டர் மூன்றாவது முறையும் குத்தினாள். மூன்றாவது முறையும் நரம்பு நழுவிப் போனது. கதவை ஒருக்களித்துத் தலையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"அக்கா, கொஞ்சம் வர்றீங்களா?"

எதிர் அறையில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தவளுக்கு அந்தக் 'கொஞ்சம்' எதற்கு என்று தெரியும். விரிப்பின் நான்காவது மூலையைச் செருகிவிட்டு, முழங்கை வரை கை கழுவிக்கொண்டு வந்தாள். கதவைச் சாத்தினாள். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டாள்.

"வந்துட்டியா தாயே," என்றார் தாத்தா. முப்பத்தெட்டு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். "இந்தப் பொண்ணு என்னைக் கிழிஞ்ச சட்டைன்னு நெனச்சுத் தைக்குது."

"நான் என்ன வேணும்னேவா குத்துறேன்?" என்றாள் குட்டி சிஸ்டர்.

வந்தவள் இருவரையும் கவனிக்கவில்லை. வெந்நீரில் நனைத்த துண்டைத் தாத்தாவின் வலது முன்கையில் சுற்றி, கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டாள். இரண்டு நிமிடம் கழித்து விரல் நுனியால் மெல்லத் தட்டிப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். நரம்பைத் தேடும்போது அவள் எப்போதும் கண்ணை மூடுவாள். தோல் எத்தனையோ பொய் சொல்லும், விரலுக்குத்தான் உண்மை தெரியும் என்பாள். ஊசி உள்ளே போனது. அதன் கண்ணாடிக் கழுத்தில் ஒரு சொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது. ஊசி முனையை உள்ளே இழுத்துக்கொள்ளும் பூட்டை ஒரே விரலால் தள்ளி, குழாயை மாட்டி, பிளாஸ்திரி ஒட்டினாள்.

"போட்டாச்சா? எப்போ?" என்றார் தாத்தா.

குட்டி சிஸ்டர் ஏட்டை எடுத்து, 'ஊசி ஏற்றியவர்' என்ற கட்டத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். மற்றவள் திரையைத் தள்ளிக்கொண்டு, அழுக்கு விரிப்பைச் சுருட்ட எதிர் அறைக்குப் போனாள்.

அவளுக்கு ஊசி அக்கா என்று பெயர் வந்தது சொந்த ஊர் மருத்துவமனையில். குழந்தைகள் வார்டில் பதினான்கு வருடம். சுண்டு விரல் தடிமன்கூட இல்லாத கையில், காய்ச்சலில் நரம்பெல்லாம் ஒளிந்துகொண்ட கையில், டாக்டர்களே தோற்றுப்போனால் மற்ற வார்டுகளிலிருந்து ஆள் ஓடி வரும்: "ஊசி அக்காவக் கூப்பிடுங்க!" இங்கே, இந்த வெளிநாட்டு முதியோர் இல்லத்தில், அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. சொன்னாலும் ஆபத்து. அவள் சட்டையில் குத்தியிருந்த அட்டையில் 'உதவியாளர்' என்று இருந்தது.

"ஆறே மாசம்க்கா," என்று சொல்லித்தான் ஏஜென்ட் அனுப்பினான். "போனதும் ஒரு பரீட்சை, லைசென்ஸ் கைக்கு வந்துரும். அதுவரைக்கும் சும்மா பேருக்கு உதவியாளர்." லைசென்ஸ் வந்தால் கணவனையும் மகளையும் அழைத்துக்கொள்ளலாம். நர்ஸுக்குக் குடும்பம் உண்டு, உதவியாளருக்குக் கிடையாது என்பது அந்த நாட்டுச் சட்டம். மகளுக்கு அப்போது ஏழு வயது.

முதலில் சிக்கியது அவளுடைய நர்ஸிங் பதிவுச் சான்றிதழ். அசல் தாளின் பின்புறம் சொந்த நாட்டு அலுவலகம் முத்திரை குத்த வேண்டும். கணவனுக்குப் போன் செய்தாள். லாரிப் பட்டறையில் மெக்கானிக். கை வைத்ததெல்லாம் கிரீஸாகும் என்று பயப்படுகிறவன்.

"பத்திரமா இருக்கும்மா. நீ கிளம்புன அன்னைக்கே லேமினேட் பண்ணி வச்சிட்டேன்."

"என்னது?"

"நாலு பக்கமும் பிளாஸ்டிக். இனி மழை வந்தாலும் ஒண்ணும் ஆகாது."

மழை வரவில்லை, முத்திரைதான் வந்தது. அது பிளாஸ்டிக்கில் ஒட்டாது. நகல் சான்றிதழ் வாங்கலாம், ஆனால் அசல் தொலைந்திருந்தால்தான் கொடுப்பார்களாம். அசலோ அலுவலர் மேஜையில், அவர் மூக்குக்கு நேரே பளபளத்துக்கொண்டு கிடந்தது. "இது தொலைஞ்சு போச்சுன்னு போலீஸ்ல எழுதி வாங்கிட்டு வாங்க," என்றார் அவர், அதன்மேல் டீ கிளாஸை வைத்துக்கொண்டு. கணவன் போலீசுக்குப் போனான், பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தான், தொலையாத தாளைத் தொலைத்துவிட்டதாகச் சத்தியம் செய்தான். இதற்குப் பதினான்கு மாதம்.

அடுத்து மொழித் தேர்வு. விடுதிக் குளியலறையில் வெந்நீர் வரவில்லை என்று மேலாளருக்குப் புகார்க் கடிதம் எழுதச் சொன்னார்கள். விடுதியில் ஒருநாள்கூடத் தங்கியிராதவள் போதுமான அளவு கோபப்படவில்லை போலிருக்கிறது. அரை மதிப்பெண் குறைந்தது. வலிப்பு வந்த குழந்தையின் தாயிடம் எப்படிப் பேசுவாய் என்று யாரும் கேட்கவில்லை. மறுபடி எழுதினாள்.

இதற்கிடையில் அவள் முதியவர்களைக் குளிப்பாட்டினாள், படுக்கைப் புண் துடைத்தாள், இறந்தவர்களின் கண்களை மூடினாள். அதற்கெல்லாம் லைசென்ஸ் வேண்டாம். ஊசியைத் தொட்டால் மட்டும் குற்றம். எல்லையைத் தாண்டினால் விரல்கள் மறந்துபோகும் என்று எந்த உடற்கூறு நூலில் எழுதியிருக்கிறது? தகுதி இல்லாதவள் என்றால் ஏன் அழைத்தார்கள்? தகுதி தெரிந்துதான் அழைத்தார்கள். உதவியாளர் சம்பளத்துக்கு ஒரு நர்ஸின் கண்ணும் காதும் கிடைக்கிறதென்றால் கசக்குமா? யாருக்கு மூச்சு மாறுகிறது, யார் மூத்திரத்தில் நிறம் மாறுகிறது என்று முதலில் கண்டு சொல்பவள் அவள்தான். ஏட்டில் எழுதுபவர் வேறொருவர்.

இரண்டு வருடத்துக்கு முன் குட்டி சிஸ்டர் வந்தாள். அந்த நாட்டிலேயே படித்தவள், பொம்மைக் கைகளில் பழகியவள், கம்ப்யூட்டரில் புலி. அந்த மாடியில் வேலை பார்ப்பவர்களில் தமிழ் பேச இருவர்தான். ஒருநாள் ஒரு மூதாட்டி வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடந்தார். ட்ரிப்ஸ் ஏற்ற முடியாமல் குட்டி சிஸ்டர் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். ஆம்புலன்ஸ் வர நேரமாகும். ஊசி அக்கா திரையை இழுத்தாள். அன்று தொடங்கியது. தெரிந்தால் குட்டி சிஸ்டரின் லைசென்ஸ் பறிபோகும். ஊசி அக்காவுக்கோ இனி எந்நாளும் கிடைக்காது. அதனால் எப்போதும் திரை.

தாள்களெல்லாம் ஒருவழியாகச் சேர்ந்தபோது மகளுக்குப் பதினொன்று நடந்துகொண்டிருந்தது. "ஸ்கூல் ஃபாரத்துல அம்மா என்ன வேலைன்னு கேக்குறாங்க," என்றாள் போனில். "நர்ஸுன்னு எழுதட்டா, நர்ஸு மாதிரின்னு எழுதட்டா?"

"நர்ஸுன்னே எழுது."

"பொய்யாகிடாதே?"

கடைசியாக இருந்தது செய்முறைத் தேர்வு. அதற்கும் ஒரு கெடு: கடைசியாக நர்ஸாக வேலை செய்து ஐந்து வருடம் ஆகிவிட்டால் விண்ணப்பமே செல்லாது, முதலிலிருந்து படிக்க வேண்டும். அவளுக்கு மூன்று வாரம் மிச்சமிருந்தது.

துணி அலமாரி அறையில், தலையணைக் குவியலுக்கு நடுவே, குட்டி சிஸ்டர் அவளுக்குப் பாடம் எடுத்தாள்.

"கடைசியா எப்போ ஊசி ஏத்துனீங்கன்னு கேப்பாங்க."

"நேத்து, பதினோரு மணிக்கு."

"ஐயோ அக்கா!"

"சரி, சரி. நாலு வருஷம் பதினோரு மாசம்."

"அப்புறம் அந்தப் பூட்டு. இந்த மாதிரி ஊசி உங்க ஆஸ்பத்திரியில கிடையாதுல்ல? ஒரே விரல்ல டக்குனு தள்ளிட்டீங்கன்னா எங்க கத்துக்கிட்டீங்கன்னு கேப்பாங்க. கொஞ்சம் தடுமாறுங்க. நான் எப்படிப் பண்ணுவேன், அது மாதிரி."

"உன்ன மாதிரியா? பொம்மைக்கு ரத்தம் வந்துரும்டி."

இருவரும் தலையணையில் முகம் புதைத்துச் சிரித்தார்கள். பிறகு குட்டி சிஸ்டர் சிரிப்பை நிறுத்தி, "என் பேர் மட்டும் வெளிய வரக் கூடாதுக்கா," என்றாள்.

தேர்வு நாளில் ஏழு மேஜைகளைக் கடந்தாள். எட்டாவதில் ரப்பர் கை இருந்தது. பக்கத்தில் நரைத்த தலையும் கனத்த கண்ணாடியுமாக ஒரு பெண் அதிகாரி, எழுதுகோலுடன். ஊசி அக்கா ஊசியை எடுத்தாள். விரல் தானாகப் பூட்டைத் தேடிப் போனது. பிடித்து நிறுத்தினாள். ஊசியைத் திருப்பிப் பார்த்தாள், தெரியாதவள் போல உதட்டைக் கடித்தாள். முதல் குத்தை வேண்டுமென்றே நரம்புக்கு வெளியே இறக்கினாள். அது வெறும் ரப்பர். ஆனாலும் "மன்னிச்சிரு கண்ணு" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். பதினான்கு வருடத்தில் எந்தக் கையையும் அவள் தெரிந்தே நோகடித்ததில்லை. இரண்டாவது முறை ஏற்றினாள். பூட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

அதிகாரி தலையாட்டினார், இரக்கத்தோடு. அந்த இரக்கம்தான் தாங்க முடியவில்லை.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. எல்லாவற்றிலும் தேர்ச்சி. ஊசி ஏற்றுவதில் மட்டும் போதிய திறன் இல்லை. எனவே ஆறு மாதம் மேற்பார்வையில் பயிற்சி. தினமும் ஒரு பக்கம், பயிற்றுநரின் குறிப்புடனும் கையெழுத்துடனும். இடம்: தற்போது பணிபுரியும் இல்லம். பயிற்றுநர்: அங்கே அந்த மாடியில் பொறுப்பில் உள்ள நர்ஸ்.

கடிதத்தைக் குட்டி சிஸ்டரிடம் நீட்டினாள். அவள் படித்தாள். நிமிர்ந்தாள். மறுபடி படித்தாள்.

"நானா? உங்களுக்கா?"

"ஆமா டீச்சர்."

"அக்கா, சிரிக்காதீங்க. எனக்குப் பயமா இருக்கு. ஆறு மாசம் முடிஞ்சு நீங்க பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா நான் யாரக் கூப்பிடுவேன்?" குரல் தணிந்தது. "கடைசிப் பக்கத்துல 'இன்னும் ஆறு மாதம் தேவை'ன்னு ஒரு கட்டம் இருக்கு. பாத்தீங்களா?"

ஊசி அக்கா பார்த்திருந்தாள். அந்தப் பெண் மிரட்டவில்லை, பயத்தில் வாய்விட்டு யோசித்தாள், அவ்வளவே. ஆனால் யார் கையில் சாவி என்பது இருவருக்கும் தெரிந்துவிட்டது.

முதல் நாள் பயிற்சிக்குப் பஸ் தாத்தாவே அமைந்தார். பழக்கத்தில் குட்டி சிஸ்டர் கதவைச் சாத்தப் போனாள்.

"தொறந்தே இருக்கட்டும்," என்றாள் ஊசி அக்கா. திரையையும் சுவரோரம் தள்ளினாள். "இனிமே எனக்கு அனுமதி இருக்கு. எல்லாரும் பாக்கட்டும். பாத்தாதான் அந்தக் கட்டத்துல நீ கண்டபடி எழுத முடியாது."

குட்டி சிஸ்டர் முகம் சிவந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

வெந்நீர்த் துண்டு, தொங்கிய கை, மூடிய கண். ஊசி உள்ளே போனது. ரத்தச் சொட்டு எட்டிப் பார்த்தது. பகல் வெளிச்சத்தில், திறந்த கதவுக்கு எதிரே, அந்த நாட்டில் முதல் முறையாக. வாசலில் யாரோ கைதட்டினார்கள். நிமிர்ந்தாள். இல்லத்து நர்ஸுகளுக்கெல்லாம் தலைவியான மேட்ரன்.

"பிரமாதம்!" என்றார் மேட்ரன், குட்டி சிஸ்டரின் தோளைத் தட்டி. "முதல் நாளே இவ்வளவு அழகா சொல்லிக் குடுத்திருக்கியே! உனக்குள்ள இப்படி ஒரு டீச்சர் இருக்கான்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

பஸ் தாத்தா தலையணையிலிருந்து எழும்பினார். "சொல்லிக் குடுத்தாளா? யாரு, இவளா? ஏம்மா, ரெண்டு வருஷமா எனக்கு..."

ஊசி அக்கா அவர் தோளை அழுத்தினாள். பதினான்கு வருடத்தில் எந்த நோயாளியையும் அப்படி அழுத்தியதில்லை. "பேசாம படுங்க தாத்தா. பேசுனா ஊசி நகந்துரும்." ஊசி நகராது. அவள் ஏற்றிய ஊசி எப்போது நகர்ந்தது?

மேட்ரன் சிரித்துக்கொண்டே போனார். காலடி ஓசை நடையின் கோடியில் தேய்ந்து மறைந்தது.

தாத்தா மெல்லச் சொன்னார்: "பயப்படாத தாயே. டிக்கெட் இல்லாம ஏறுனவங்களையே நான் ஒருநாளும் காட்டிக் குடுத்ததில்ல."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிளாஸ்திரி கிழித்தாள். டிக்கெட் அவளிடம் இருந்தது. படித்து வாங்கியது, பதினான்கு வருடம் உழைத்துக் காத்தது. பிளாஸ்டிக் போட்டு, நாலு பக்கமும் மூடி.

குட்டி சிஸ்டர் பயிற்சிப் புத்தகத்தின் முதல் பக்கத்தை விரித்து, பேனாவைத் திறந்தவாறு நின்றாள். 'இன்று பயிற்சி பெறுபவர் கற்றுக்கொண்டது' என்று தலைப்பு இருந்தது.

"அக்கா, என்ன எழுதட்டும்?"

"உண்மையத் தவிர எது வேணா எழுது."

அவள் எழுதினாள். புத்தகத்தில் இன்னும் நூற்று எழுபத்தொன்பது பக்கங்கள் இருந்தன.