கேஸ் டேங்க் செத்த இருபது நாள்

எங்கள் வீட்டுக்கு மேற்கே, கூப்பிடு தூரத்தில் ஒரு சேகோ மில் இருக்கிறது. குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்து ஜவ்வரிசி செய்கிற ஆலை. கிழங்கு அலசிய தண்ணீரை வருஷக்கணக்காக ஓடையில்தான் விட்டார்கள். அது என் கிணற்றில் இறங்கி, தண்ணீர் புளித்த கஞ்சியாக நாறியது. எருமைகூட வாய் வைக்காது. நான் மில் வாசலில் போய்க் கத்தாத வாரம் கிடையாது. வாய்க்காரி என்று ஊர் சொன்னது. சொல்லட்டும், கிணறு அவர்களுடையது இல்லையே.

பிறகு மில்காரர் அந்தத் தண்ணீரைத் தேக்கி எரிவாயு எடுக்கும் தொட்டி கட்டினார். நல்ல மனசால் கட்டினார் என்று எழுத மாட்டேன். விறகு கிடைப்பது கஷ்டமாகிவிட்டது, அதிகாரிகளும் வந்து மிரட்டிவிட்டுப் போனார்கள். தொட்டிக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் புளித்த தண்ணீரைத் தின்று வாயு விடும். அவற்றுக்கு அவ்வப்போது சாணி கரைத்து ஊற்ற வேண்டும். என் நாலு எருமைகளின் சாணியைத் திட்டிக்கொண்டேதான் கொடுத்தேன். தொட்டிமேல் போர்த்திய கறுப்பு ஷீட் உப்பியது. ஜவ்வரிசி வறுக்கும் அடுப்பு அந்த வாயுவில் எரிந்தது, தெளிந்த தண்ணீர் தென்னைக்குப் போனது. மூன்று மழைக்காலம் கழித்து என் கிணற்றை விட்டு நாற்றம் போனது.

போன தை மாதம் ஷீட் தொய்ந்து விழுந்தது. அடுப்பு அணைந்தது. மில்காரர் என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்கக்கா, எருமைக்கு என்னத்தைங்க போடறீங்க? உங்க சாணி சரியில்லீங்க."

"உங்க மில்லுக் கெழங்குச் சக்கையத்தானுங்க திங்குது. அப்ப உங்க கெழங்குதான் சரியில்லை."

"வெளையாட்டு இல்லீங்க. டேங்கு எந்திரிக்கலைன்னா தண்ணி பழையபடி ஓடைக்குத்தானுங்க போவும். நான் வேற என்ன பண்றது?"

அவரோடேயே மில்லுக்கு நடந்தேன். அலசும் தொட்டிக்குப் பக்கத்தில் போனதும் மூக்கு எரிந்தது. பிளீச்சிங் பவுடர்.

அங்கே நின்ற மிஷின்காரர் தலையைச் சொறிந்தார். "வியாபாரி மல்லிப்பூவாட்டம் வெள்ளையா வேணும்னாருங்க. பவுடரைக் கொஞ்சம் சேத்திப் போட்டோமுங்க."

"அந்தத் தண்ணி எங்கீங்க போச்சு?"

மிஷின்காரர் வாய்க்காலைக் கை காட்டினார். வாய்க்கால் நேரே கேஸ் தொட்டிக்குப் போகிறது. கக்கூஸ் கழுவும் பவுடரை ஊற்றினால் உள்ளே இருக்கிற நுண்ணுயிர் எப்படிப் பிழைக்கும்? கொன்றது இவர்கள், பழி என் எருமைமேல். அதை அங்கேயே, பத்துப் பேர் கேட்கச் சொன்னேன்.

"வெள்ளையா இல்லைன்னா எவனுங்க வாங்குவான்?" என்றார் மில்காரர்.

"மஞ்சளா இருந்தா பாயாசம் கசக்குமாங்க?"

கிழங்கு அலசிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வாய்க்கால் ஓரம் குனிந்து தானே முகர்ந்து பார்த்தார். பிறகு பவுடர் மூட்டைகளைத் திருப்பி அனுப்பச் சொன்னார். தொட்டி உயிர் பெறும்வரை கிழங்கு அரைக்க வேண்டாம் என்றும் சொன்னார். அறுவடைக் காலத்தில் மில்லை நிறுத்த நெஞ்சுரம் வேண்டும். அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஐந்து வீட்டுச் சாணி கரைத்து ஊற்றினோம். தினமும் காலையில் போய் ஷீட்டைப் பார்த்தேன். இருபதாம் நாள் நடுவில் ஒரு மேடு எழும்பியிருந்தது. மிஷின்காரர் அடுப்பைப் பற்றவைத்தார். முதலில் பக்கென்று அணைந்தது, பிறகு நீலமாக நின்று எரிந்தது.

அந்தப் பருவத்து ஜவ்வரிசி லேசாக மஞ்சளாகத்தான் வந்தது. வியாபாரி முணுமுணுத்துவிட்டு எடுத்துப் போனார். என் கிணறு கெடவில்லை.

இப்போது நான் மில்லுக்குள் போக யாரிடமும் கேட்பதில்லை. வாரம் ஒரு தடவை வாய்க்கால் ஓரம் குனிந்து முகர்ந்து பார்க்கிறேன். கிழங்கு வாசம் மட்டும் வந்தால் சண்டைக்கு வேலையில்லை. மில்காரர் டீ சொல்கிறார், குடித்துவிட்டு வருகிறேன்.