ஸ்டெல்லா அக்கா மேப்பில் அழித்த பாலம்

ஸ்டெல்லா அக்கா இறந்துவிட்டார். நேற்று காலை. ஹார்ட் அட்டாக்.

ஆம்புலன்ஸ் வரவில்லை என்று சொல்ல முடியாது. வந்தது. அக்கா வீட்டுப் பக்கத்துக் கால்வாய்க்கு அந்தக் கரையில் வந்து நின்றது.

நடுவில் பாலம் இல்லை. மழைக்கு முன்னாலேயே இடித்துவிட்டார்கள். டிரைவரின் போன் மேப்பில் மட்டும் இருந்தது.

இந்தக் கரையில் அக்காவின் வீட்டுக்காரர் சேவியர் அண்ணன் துண்டை வீசி வீசிக் கத்தியிருக்கிறார். "பாலம் இல்லப்பா... மெயின் ரோட்டு வழியா சுத்திகினு வா!" டிரைவர் போனைத் தூக்கிக் காட்டி, "இங்கதான்ணா காட்டுது" என்று பதிலுக்குக் கத்தியிருக்கிறார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

முன்னாடியே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா... தெரியாது. டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் கமெண்டில் யாராவது வந்து 'விதி' என்று எழுதினால் பிளாக் செய்துவிடுவேன். இப்போதே சொல்லிவிட்டேன்.

ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்காக...

அக்கா ராயபுரத்துப் பெண். கல்யாணமாகி எண்ணூர். தண்டையார்பேட்டையில் கன்டெய்னர் லாரி அனுப்பும் ஆபீஸ் ஒன்றில் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து சீட். எந்த லாரி எந்த வழியில் போக வேண்டும் என்று சொல்வது எங்கள் வேலை. பாலத்துக்கு அடியில் லாரி மாட்டிக்கொண்டால் திட்டு வாங்குவதும் எங்கள் வேலைதான்.

அரசாங்கம் பாலங்களின் விவரத்தை வெப்சைட்டில் போட்டிருப்பதைக் கண்டுபிடித்தது அக்காதான். எங்கே இருக்கிறது, என்ன உயரம், எவ்வளவு எடை தாங்கும், பாலம் இப்போது இருக்கிறதா இல்லையா... எல்லாம் பொது டேட்டா. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

"பாஷா, இத்த அப்டியே நம்ம மேப்புல ஏத்திட்டா டிரைவருங்களுக்கு பேஜாரே இல்லப்பா" என்றார்.

நம்ம மேப் என்றால், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இலவச மேப். நிறைய ஆப்கள் அதிலிருந்துதான் ரோடு எடுத்துக்கொள்கின்றன.

ஆர்வக்கோளாறில் ஒரே மூச்சாக ஏற்றினோம். திறந்து பார்த்தால் பாதிப் பாலங்கள் ஒரு அரசாங்க ஆபீஸ் கட்டடத்தின் தலையில் குவிந்து கிடக்கின்றன! பட்டியலில் பாலம் இருக்கும் இடத்தை எழுத வேண்டிய கட்டத்தில், அதை நிரப்பியவர் தன் ஆபீஸ் இருக்கும் இடத்தையே அடித்து வைத்திருக்கிறார். அக்கா சிரித்த சிரிப்பில் மேனேஜர் எழுந்து வந்துவிட்டார்.

"இன்னா நைனா, அத்தினி பாலமும் மாடி மேல ஏறிக்கினு கீது. கையெழுத்து வாங்க வந்துச்சா?"

எல்லாவற்றையும் அழித்தோம். அன்றைக்கு அக்கா ஒரு சட்டம் போட்டார். கண்ணால் பார்க்காத பாலத்தைத் தொடக்கூடாது.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஸ்கூட்டி கிளம்பிவிடும். பின்னால் நான், கையில் மூங்கில் கழியும் டேப்பும்.

திருவொற்றியூர் பக்கம் ஒரு ரயில் பாலத்துக்கு அடியில் அளந்தபோது, டேட்டாவில் இருந்ததைவிட உயரம் குறைவாக வந்தது. டேட்டா பொய்யில்லை. கட்டிய அன்று அந்த உயரம்தான். அப்புறம் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார், அதன் மேலே தார்...

"பாலம் அங்கயேதான் கீது பாஷா. ரோடுதான் வளந்துகினு போவுது."

டீக்கடைக்காரர் விடவில்லை. "இன்னாம்மா, பாலத்துக்கு பேண்ட்டு தைக்கப் போறியா?"

"ஆமா. துணி நீ குடு" என்றார் அக்கா. டேப்பைக்கூடக் கீழே வைக்கவில்லை.

தன் வீட்டுக்குப் பக்கத்துப் பாலத்தை இடித்தார்களே, அரசாங்கப் பட்டியலில் 'இடிக்கப்பட்டது' என்று ஏறியதும் மேப்பில் அதை எடுத்துவிட்டதும் அவர்தான். மற்றவர்கள் பார்ப்பதற்காகக் குறிப்பும் எழுதி வைத்தார். 'என் வீட்டு ஜன்னலில் இருந்து பார்த்தேன். பாலம் இல்லை.'

நேற்று சாயங்காலம், மேப்பில் அந்த இடத்தை யார் எப்போது திருத்தினார்கள் என்று காட்டும் எடிட் ஹிஸ்டரியைத் திறந்தேன்.

போன வாரம் எவனோ ஒருவன் பாலத்தைத் திரும்ப வரைந்து வைத்திருக்கிறான். ஏதோ டெலிவரி கம்பெனிக்காக, ஏதோ ஊரில் உட்கார்ந்துகொண்டு. காரணம்: 'சாட்டிலைட் படத்தில் பாலம் தெளிவாகத் தெரிகிறது.'

தெரியும்டா. அது இடிப்பதற்கு முன்னால் எடுத்த படம்.

அரசாங்கப் பட்டியலை ஒரு தடவை திறந்து பார்த்திருக்கலாம். அக்காவின் குறிப்பைப் படித்திருக்கலாம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எதுவும் செய்யாமல், அக்கா எழுதியதற்கு மேலேயே கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

ஆள் இறந்துபோன விஷயத்தைச் சொல்லி மெசேஜ் அனுப்பினேன். பதில் வந்தது. "நல்ல எண்ணத்தில்தான் செய்தேன் ப்ரோ. ஆதாரம் இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்."

ஆதாரமாம்.

நடு ஹாலில் பெட்டியில் படுத்திருக்கிறார்டா. வந்து பார்த்துவிட்டுப் போ.

திட்டி எழுதியதை எல்லாம் அழித்துவிட்டேன். சேவியர் அண்ணன் இந்தப் பதிவைப் படிப்பார். காலையிலிருந்து அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். "அவதான் அத்த அப்பவே எடுத்துட்டாளே பாஷா... அப்புறம் எப்டி அங்க வந்து நின்னான்?" அதற்கான பதிலைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

இன்று சாயங்காலம் அடக்கம். ஆபீஸ் ஆட்கள், டிரைவர் அண்ணன்கள் எல்லோரும் மெயின் ரோட்டிலேயே இறங்கி, சேவியர் வீடு எது என்று கேட்டு வாருங்கள். போனைப் பார்க்க வேண்டாம்.

அக்கா, இப்போது உங்கள் ஜன்னல் பக்கத்தில்தான் நிற்கிறேன். பாலத்தை மறுபடி எடுத்துவிட்டேன். குறிப்பில் நீங்கள் எழுதியதையே போட்டேன், பெயரை மட்டும் சேர்த்து.

'ஸ்டெல்லா அக்கா வீட்டு ஜன்னலில் இருந்து பார்த்தேன். பாலம் இல்லை.'

போய் வாங்க அக்கா.