வாய்தா கேட்டவன்

கோர்ட்டில் நான் முதன்முதலாகப் பேசிய வாக்கியம், “சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார், டைம் வேண்டும்” என்பது. இங்கிலீஷில் சொன்னேன். பின்னால் சுவரோரம் நின்றிருந்த அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வழக்கு அவருடையது. நான் என்ன கேட்டேன் என்று அவருக்குத் தெரியாது. வெளியே வந்ததும் என் கறுப்புக் கோட்டின் தோளைத் தடவிப் பார்த்து, “நீ பேசினதும் ஜட்ஜு உடனே எழுதிக்கிட்டாரே கண்ணு” என்றார். அவர் எழுதிக்கொண்டது அடுத்த வாய்தா தேதியை.

அப்பா பொம்மசந்திரா தொழிற்பேட்டையில், ஒரு கம்பெனியில், தகடு அடிக்கும் மெஷினில் வேலை பார்த்தவர். யூனியன் வேண்டும் என்று கேட்ட ஏழு பேரை ஒரே நாளில் கேட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள். அதில் அவரும் ஒருவர். நான் அப்போது பி.யு.சி. எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடவும் எண்களைப் படிக்கவும் வரும், அவ்வளவுதான். எங்கள் ஊர் சந்தாபுராவிலிருந்து பஸ் ஏறி மூன்று வக்கீல்களைப் பார்த்தோம். மூவரும் முதலில் கேட்டது ஃபீஸ். நாலாவதாகப் பார்த்தவர் கேட்டது, “அந்த மெஷின் எப்படி ஓடும்? கையால காட்டுங்க.”

காக்ஸ் டவுனில் ஒரு பழைய ஓட்டு வீட்டின் முன்னறைதான் அவர் ஆபீஸ். அவருடைய அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். எங்களிடம் தமிழ், கம்பெனிக்காரர்களிடம் கன்னடம், வாசலில் ஆட்டோக்காரரிடம் தக்னி உருது. எதிலும் தடுக்கியதில்லை. அப்பா நின்றுகொண்டே “அய்யா” என்றபோது, “அய்யாவெல்லாம் வேணாம், உக்காருங்க. நிக்கிறவன் சொல்றதை எந்தக் கோர்ட்டும் முழுசா கேக்காது” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்பா உட்கார்ந்து, இரண்டு கையாலும் காற்றில் லீவரை இழுத்துக் காட்டினார். அந்த மத்தியானம்தான் நான் வக்கீல் ஆவது என்று முடிவு செய்தேன். காலேஜ் முடித்து, சட்டம் படித்து, அதே முன்னறைக்கு ஜூனியராகவும் போய்ச் சேர்ந்தேன்.

நான் சேர்ந்தபோது அவர் எதிர்க்கட்சியில் சேர்ந்திருந்தார். ஏன் சார் என்று கேட்டேன். “கோர்ட்டுல ஜெயிச்சா ஏழு பேருக்கு வேலை தம்பி. சட்டசபையில ஜெயிச்சா எழுபதாயிரம் பேருக்கு” என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு இடைத்தேர்தலில் நின்று தோற்றார். தோற்ற பிறகுதான் அவர் முகம் டி.வி.யில் அதிகம் வந்தது. ஆளுங்கட்சியை அவர் கேட்கும் கேள்விகள் குறுக்கு விசாரணை மாதிரியே இருக்கும். ஆமாவா, இல்லையா, அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச விடமாட்டார். காரின் பின்சீட்டில் ஒரு பக்கம் கோட்டும் இன்னொரு பக்கம் கட்சி சால்வையும் தொங்கின. போகப்போக கோட்டில் தூசு படிந்தது.

அப்பாவின் வழக்கில் பாக்கி இருந்தது ஒரே ஒரு வேலை. கம்பெனிக்குச் சாட்சி சொன்ன பெர்சனல் மேனேஜரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை, கோர்ட் பேச்சில் கிராஸ், செய்ய வேண்டும். நான் கேள்விகளை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். சார் ஒவ்வொரு தடவையும் போனில் சொல்வார்: “இன்னிக்கி டைம் வாங்கிடு. அந்த ஆள் ரிடையர் ஆகட்டும். சம்பளம் நின்ன பிறகுதான் அவன் வாய்ல உண்மை வரும்.” என்ன மூளை என்று நினைத்தேன். வாய்தா வாங்கினேன். கம்பெனிதான் இழுக்கிறது என்று அப்பாவும் மற்ற ஆறு பேரும் நினைத்தார்கள். நான் திருத்தவில்லை. யுத்தியை வெளியே சொல்லக் கூடாது என்பது ஆபீஸ் பழக்கம்.

அப்பாவுக்கு வேண்டியிருந்தது பணம் இல்லை. “ஒரு நாளாச்சும் அந்த கேட்டு வழியா உள்ள போயி கார்டு பஞ்ச் பண்ணணும். வாட்ச்மேன் பாக்கணும்” என்பார். அதற்கு ஒரு கெடு இருந்தது. கம்பெனியில் ஐம்பத்தெட்டு வயதில் ரிடையர்மென்ட். பள்ளிக்கூடம் போகாத எல்லோருக்கும் போட்டதுபோல அப்பாவுக்கும் பிறந்த நாள் ஜூன் ஒன்று என்று போட்டிருந்தார்கள். தான் பிறந்தது ஏதோ ஒரு தை மாதம் என்று மட்டும் அவருக்குத் தெரியும். ஐம்பத்தெட்டு நிறையும் ஜூன் வந்துவிட்டால் தீர்ப்பு எதுவானாலும் கேட்டு திறக்காது. வாய்தா நாளில் கிழிக்கிற தினசரி காலண்டர் தாளை அவர் எறிய மாட்டார். ஒரு கிளிப்பில் சேர்த்து வைப்பார். கோர்ட்டுக்கு வரும்போதெல்லாம் அது சட்டைப்பையில் இருக்கும்.

அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு நிறையவிருந்த வருஷம், பிப்ரவரியில், கோர்ட் கேன்டீனில் கம்பெனித் தரப்பு ஜூனியர் ஒருவன் என்னோடு இட்லி சாப்பிட்டான். பேச்சுவாக்கில் கேட்டேன், உங்க மேனேஜர் எப்போப்பா ரிடையர் ஆகிறார் என்று.

“அவரா? போன வருஷமே ஆயிட்டாரு குரு. ரிடையர் ஆன பிறகும் ரெண்டு தடவை கூட்டிட்டு வந்து வெளிய உக்கார வெச்சோம். நீதான் வந்து டைம் டைம்னு அடிச்சிட்டுப் போன. உங்க சாருக்குத் தெரியுமே?”

சார் மறந்திருப்பார் என்றுதான் நினைத்தேன். தேர்தல் நேரம், மனிதனுக்கு எத்தனை வேலை.

அவரைத் தனியாகப் பிடிக்க முடியாமல், சந்தாபுராவில் நடந்த பிரசாரக் கூட்டத்துக்கே போனேன். மேடைக்குப் பக்கத்தில் ஆள் உயர ஃப்ளெக்ஸ். அதில் பழைய காக்கிச் சட்டையில் என் அப்பா. போட்டோ எடுத்ததே எனக்குத் தெரியாது. நிஜ அப்பா மேடையில், மற்ற ஆறு பேரோடு பிளாஸ்டிக் நாற்காலியில், முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

சார் மைக்கைப் பிடித்தார். “இந்த ஏழு பேரைப் பாருங்க. எட்டு வருஷமா கோர்ட்டு வாசல்ல நிக்கிறாங்க. இழுக்கிறது யாரு? நான் கேக்கிறேன், இழுக்கிறது யாரு?”

“கம்பெனி!” என்று கூட்டம் கத்தியது. “கவர்ன்மென்ட்டு!” என்றது இன்னொரு பக்கம். அப்பாவும் கை தூக்கினார்.

நான் மேடைப் படிக்குக் கீழே நின்றிருந்தேன்.

கூட்டம் முடிந்து காரில் ஏறப்போனவரிடம் போய்ச் சொன்னேன். “சார், மேனேஜர் ரிடையர் ஆயிட்டாராம். அடுத்த வாய்தாவுக்கு கிராஸ் பண்ணிடலாம் சார். அப்பாவுக்கு ஜூன்...”

அவர் என் தோளில் கை போட்டார். அந்தக் கை நல்ல சூடாக இருந்தது. “தெரியும் தம்பி.”

“தெரியுமா சார்?”

“தேர்தல் முடியட்டும். இப்ப தீர்ப்பு வந்தா, ஜெயிச்சாலும் தோத்தாலும் ஒரு நாள் நியூஸு. நடந்துட்டே இருந்தா தினமும் பேசலாம். நீ படிச்ச பையன், உனக்குப் புரியணும்.” பிறகு, கார் கதவைச் சாத்துவதற்கு முன்னால், “அப்பா போட்டோவுல சூப்பரா இருக்காரு” என்றார்.

நடிக்கவில்லை. நிஜமான பிரியத்தோடுதான் சொன்னார். இன்றுவரை எனக்கு ஆறாதது அதுதான்.

கோடை விடுமுறைக்கு முந்தின கடைசி வாய்தா வந்தது. காலையில் போன். “டைம் வாங்கிடு.” நான் “சரி சார்” என்றேன். அவரிடம் நான் சொன்ன ஒரே பொய் அது. வழக்கைக் கூப்பிட்டதும் எழுந்தேன். ஜட்ஜ் நிமிராமலே பேனாவை எடுத்து, “ஏன்ரீ, டைமா?” என்று கன்னடத்தில் கேட்டார்.

“இல்லை சார். கிராஸ் பண்ணத் தயார்.”

ஜட்ஜ் நிமிர்ந்தார். கம்பெனி வக்கீல் திரும்பி என்னையே பார்த்தார். வயதானவர், யோக்கியமானவர். “சார், சாட்சியை நாங்க கூட்டிட்டு வரலை. இவங்க எப்பவும் டைம்தானே கேப்பாங்க, அந்தப் பழக்கத்துல விட்டுட்டோம். அவரும் இப்ப ஊர்ல இல்லை” என்றார். அவர் பேச்சில் சூது இல்லை. எட்டு வருஷத்தில் முதல்முறையாகக் கம்பெனிக்காக வாய்தா எழுதப்பட்டது. விடுமுறை கழிந்து, ஜூன் மூன்றாம் வாரம்.

வெளியே மர நிழலில் அப்பா காத்திருந்தார். ஜூன் என்றதும் அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. “இன்னிக்கும் அவனுங்கதான் கேட்டானுங்களா?”

“ஆமாப்பா. இன்னிக்குத்தான் அவங்க கேட்டாங்க.”

அவர் என்னைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து அந்தத் தாள்களை எடுத்தார். மேல் தாளிலிருந்த எண்ணைக் காட்டினார்.

“இது?”

“நம்ம பக்கம்.”

அடுத்த தாள். “இது?”

“நம்ம பக்கம்ப்பா.”

ஒவ்வொன்றாகத் திருப்பினார். ராசிபலனும் நல்ல நேரமும் போட்ட தாள்கள். சிலது மழையில் நனைந்து காய்ந்தவை. நான் சொல்லிக்கொண்டே வந்தேன். முதன்முதலாக நான் கோட்டுப் போட்டு எழுந்து நின்ற நாளும் வந்தது. அதில் மட்டும் மூலையில் மஞ்சள் வைத்திருந்தார்.

“நம்ம பக்கம்” என்றேன்.

“நம்ம பக்கம் நம்ம பக்கம்ங்கிறியே. நான் எப்படா கேட்டேன்?”

சார் சொன்னார் என்று சொல்லலாம். சொன்னது அவர்தான். ஆனால் எழுந்து நின்ற கால் என்னுடையது.

அப்பா தாள்களைச் சரியாக அடுக்கிக் கிளிப்பைப் போட்டு, என் கோட்டுப்பையில் வைத்தார். பிறகு பஸ் ஸ்டாப் பக்கம் தனியாக நடந்தார். நான் பின்னால் போனேன். சந்தாபுரா வண்டி வந்ததும் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, நான் பக்கத்தில் போனதும் மடியில் வைத்திருந்த சாப்பாட்டுப் பையைப் பக்கத்து சீட்டில் வைத்தார்.

சார் அந்தத் தேர்தலில் ஜெயித்தார். சட்டசபையில் எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்து, தொழிலாளர் வழக்குகளை இந்த அரசு வேண்டுமென்றே தாமதப்படுத்துகிறது என்று பேசியதை டி.வி.யில் காட்டினார்கள். நன்றாகப் பேசினார். அப்பா எழுந்து போய் டி.வி.யை நிறுத்தவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பாமல், “ஜூன்ல கோர்ட்டுக்கு நீ போறியா, இல்ல நான் மட்டும் போகட்டுமா?” என்றார்.