ஏழுமலையின் பதிலடி

நசினு ஊர்க் கடையில் ஏழுமலை எந்தப் பொட்டலத்தை எடுத்தாலும் திருப்பி, எங்கே செய்தது என்று பார்க்கிறார். நியூசிலாந்து என்றிருந்தால், செத்த எலியைத் தூக்குவது போல இரண்டு விரலால் அலமாரியில் திரும்ப வைக்கிறார். "நம்மள உள்ள விடாதவன் சாமான் நமக்கு எதுக்கு?" கடைக்காரர் சுரேந்திராவுக்குத் தமிழ் அரைகுறை. வியாபாரம் போனது மட்டும் புரிகிறது.

2006 கடைசியில் அந்தத் தீவு நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அரசின் சந்தை வாரியத்தில் உறுப்பினராக இருந்த ஒருவர் பிரிஸ்பேனுக்குக் குடிபோனார். பஸ் கம்பெனியில் ஓய்வுபெற்ற ஏழுமலையை ராணுவம் அந்த நாற்காலியில் உட்காரவைத்தது. ஆட்சிக் கவிழ்ப்பைக் கண்டித்த நியூசிலாந்து படை அனுப்பவில்லை. ராணுவம் அமர்த்தியவர்களுக்கும் குடும்பத்துக்கும் விசா கிடையாது என்றது. ஏழுமலைக்கு அது பதக்கம். "அந்த சர்க்காருக்கே எம்பேரு தெரியும்" என்று பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் சொல்கிறார். பதிலுக்கு அந்த நாட்டுச் சாமானை வீட்டுக்குள் வரவிடாமல் தடுத்தார்.

விசா தடையில் மனைவி ஜான்கியும் மாட்டிக்கொண்டார். ஆக்லாந்தில் மகள் நிலேஷ்னிக்குத் தலைப்பிரசவம். நாற்காலியை விட்டால் தடை நீங்கும்.

"விட்டுடுங்களேன். பொண்ணு தனியா கெடக்குறா."

"ஒரு பிரசவத்துக்காக நாடு மண்டி போடணுமா?"

ஜான்கி சண்டை போடவில்லை. மறுநாள் காலையில் பால் இல்லாத தேநீர் வந்தது. "பால் பவுடர் அவங்க ஊருது. நீங்கதானே வேணாம்னீங்க." மதியம் ஆட்டுக்கறி இல்லை, வெங்காயம் இல்லை, உருளைக்கிழங்கு இல்லை. உள்ளூரில் விளையும் தாலோ என்ற சேப்பங்கிழங்கும் அதன் இலையும் மட்டும்.

"ஆலுகூடவா அங்கேருந்து வருது?"

"ஆமா. விரோதிய பாத்துப் புடிச்சிருக்கணும்."

பெல்ட்டில் புது ஓட்டை விழுந்தது. ஏழுமலை பணியவில்லை. வாரியக் கூட்டங்களில் மட்டும், வெண்ணெய் தடவிய ரொட்டியை எந்த ஊர் வெண்ணெய் என்று விசாரிக்காமல் சாப்பிடுகிறார்.

சனிக்கிழமை போன் வந்தது. பெண் குழந்தை. அழுகையைக் கேட்டபடி நின்ற ஜான்கி, "யாரும்மா குளிப்பாட்டுறா?" என்றார்.

"பக்கத்து வீட்டு சமோவாக்கார அம்மா."

ஜான்கி போனைக் கணவரிடம் நீட்டினார். அவரும் சிறிது நேரம் கேட்டார். போனை வைத்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கேட்டில் 'வாரிய உறுப்பினர்' என்ற பெயர்ப்பலகை ஒரு பக்கம் கழன்று ஆடிக்கொண்டிருந்தது. ஜான்கி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

ஏழுமலை பலகையை நிமிர்த்திப் பிடித்து, ஸ்க்ரூவை இறுக்கினார்.